பதினொரு வீட்டு நேர்த்திக்கடன்

என் வாய் பொல்லாதது. அதை வைத்துத்தான் இருபத்திரண்டு வருடமாகச் சோறு தின்கிறேன். லிகே என்கிற எங்கள் கூத்தாட்டத்தில் ராஜகுமாரியாக யார் வேண்டுமானாலும் வரட்டும், அவளைக் கூந்தலைப் பிடித்து வெளியே தள்ளும் சித்தியும் நாத்தனாரும் விஷம் வைக்கும் மூத்தாளும் நான்தான். இந்த லம்சுவான் மேடைக்கு வந்தாலே முன்வரிசைப் பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். சந்தையில் மீன் விற்கும் சம்னியாங் எனக்கு மீனே தரமாட்டாள்.

"போன மாசம் அந்தப் புள்ளத்தாச்சிய மழையில துரத்துனவதானே நீ? போ, போ. உனக்கு மீனு கிடையாது."

"அது வேஷம்டி!"

"வேஷமா இருந்தா அவ்ளோ நல்லாத் திட்ட வருமா?"

எனக்குக் கோபமும் வரும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

அதெல்லாம் ஆட்டம் இருந்த காலம். 1997-இல் எங்கள் தாய்லாந்தில் பாட் பணத்தின் மதிப்பு விழுந்தது. பாங்காக்கில் ஆலைகளை மூடினார்கள். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டார்கள். கோயில் திருவிழாக்களைச் சுருக்கினார்கள். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியில் கேசட் போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்த முறை ஐந்து மாதத்தில் மூன்றே ஆட்டம். எங்கள் ராஜகுமாரன் பகலில் செங்கல் சூளையில் கல் சுமந்தான். அவன் முகத்தைப் பார்த்து உருகிய பெண்கள் அவன் முதுகைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் அண்ணன் பிரயூன் எல்லோரையும் லாரியடியில் கூப்பிட்டான். குழு அவனுடையது. ஆட்டம் தொடங்குமுன் தலைப்பாகை கட்டிக்கொண்டு வருகிற விருந்தாளி வேஷம் எப்போதும் அவனுக்குத்தான். இன்று யார் செலவில் ஆட்டம், எதற்காக ஆட்டம் என்று விருந்தாளி பாடிச் சொன்ன பிறகுதான் கதை தொடங்கும். ஆயிரம் வீட்டுச் சந்தோஷத்தைப் பாடிய வாய், அன்றைக்கு நாலு வார்த்தை சொல்லத் திணறியது.

"லாரிய விக்கப் போறேன். காய்கறி மண்டி குவாங் முதலாளிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போவாரு. வர்றத பதினாலு பேரும் சமமாப் பிரிச்சுக்கலாம்."

லாரி என்றால் வெறும் லாரியா? மேடைப் பலகை, அரண்மனை வரைந்த திரைகள், மேளம், மரக்கட்டை வாத்தியம், பதினாலு உயிர், எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். லாரி போனால் குழு போனது. எனக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"வேஷத்தையும் வித்துடேன். தலைப்பாகையில முட்டைக்கோசு கட்டிக்கிட்டுப் போகட்டும் அந்த ஆளு" என்று கத்திவிட்டு நடையைக் கட்டினேன்.

நேராகப் போனது படித்துறை அப்பா கோயிலுக்கு. எங்கள் ஊர் ஆற்றங்கரைச் சாமியை எல்லோரும் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய கோயில் இல்லை. ஒரு தகரக் கூரை, மீசை வைத்த மரச்சிலை, சுற்றிலும் ஊதுபத்திச் சாம்பல், படையலுக்கு வைத்த சிவப்பு சோடா பாட்டில்கள். அப்பாவுக்கு லிகே என்றால் உயிர். அதனால் வேண்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் "காரியம் நடந்தா ஒரு லிகே வைக்கிறேன் அப்பா" என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். எங்கள் வருடாந்தரப் பிழைப்பில் பாதி அந்தத் தகரக் கூரையடியில்தான் நடந்தது.

நான் சிலைக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது முன்பக்கம் யாரோ மண்டியிடும் சத்தம் கேட்டது. மீன் நாற்றத்திலேயே ஆள் தெரிந்தது. சம்னியாங்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க அப்பா. எம்மவ உசுரோட வந்து சேந்துட்டா. நான் மறக்கல. லிகே வைக்கிறேன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா பன்னெண்டாயிரம் பாட் பணத்துக்கு நான் எங்க போவேன்? ராத்திரி கனவுல வந்து முறைக்காதீங்க. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்குங்க."

மூன்று முறை தரையில் நெற்றி பதித்துவிட்டுப் போய்விட்டாள். நான் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் தோங்யிப் பெரியம்மாவிடம் ஓடினேன்.

"பெரியம்மா, இந்த மாதிரி வரத்த வாங்கிட்டு ஆட்டம் வைக்காம எத்தன பேரு இருக்காங்க?"

பெரியம்மா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டாள். "ஏன் கேக்குற? நேத்து வரைக்கும் பதினோரு வீடு. பட்டாளத்துக்கு ஆளெடுக்குற குலுக்கல்ல சீட்டு எடுக்கப் போன பையன், கறுப்புச் சீட்டு வந்து தப்பிச்சான், அவங்க அம்மா ஒண்ணு. காணாமப்போன எருமை கெடச்சவன் ஒண்ணு. வயித்துக் கட்டி கரைஞ்சவன், குழந்த பொறந்தவ... எல்லாம் தெனமும் வந்து அப்பாகிட்டத் தவணை கேக்குதுங்க. பாவம், அவரும் எத்தன பேருக்குத்தான் தவணை குடுப்பாரு?"

எனக்குத் தலைக்குள் மேளம் அடித்தது. ஆட்டம் வைக்க முடியாமல் தவிக்கிற பதினொரு வீடு ஒரு பக்கம். ஆட முடியாமல் தவிக்கிற பதினாலு பேர் இன்னொரு பக்கம்.

"பெரியம்மா, பதினோரு வீடும் சேந்து ஒரே ஆட்டமா வச்சா?"

"அடிப்பாவி!" என்று பெரியம்மா மார்பில் கை வைத்தாள். "ஒரு வேண்டுதலுக்கு ஒரு ஆட்டம். அப்பா என்ன, பச்சப்புள்ளயா ஏமாத்துறதுக்கு?"

"ஏமாத்தல. கேட்டுப் பாப்போம். அவரு வேணாம்னா விட்டுடுறேன்."

மறுநாள் காலை பதினொரு வீட்டாரையும் பெரியம்மா கூட்டிவிட்டாள். அண்ணனை நான் இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் ஏனோ வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். வந்தும் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். அப்பாவிடம் கேட்கப் பிறைபோல் வளைந்த மரக்கட்டைகள் இரண்டு உண்டு. போட்டால் ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ வேண்டும், அப்போதுதான் சரி என்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் முடியாது என்கிறார். இரண்டும் நிமிர்ந்தால் சிரிக்கிறார்.

பெரியம்மா போட்டாள். இரண்டும் நிமிர்ந்தன.

"சிரிக்கிறாரு" என்றாள் பெரியம்மா, குழம்பிப் போய்.

எனக்கு வந்ததே கோபம். "எங்க வீட்டுல உலை கொதிக்கல, உங்களுக்குச் சிரிப்பா இருக்கா அப்பா?"

"சும்மா இருடி!" என்று நாலு பேர் என் வாயைப் பொத்த வந்தார்கள். சம்னியாங், "பாத்தீங்களா, சாமியையே திட்டுறா. வேஷமாம் வேஷம்" என்றாள்.

இரண்டாம் முறை போட்டாள். இரண்டும் கவிழ்ந்தன. மூன்றாம் முறையும் அப்படியே. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எருமைக்காரர் எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது வேப்பமரத்தடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "அவரு உங்களப் பாத்துச் சிரிக்கல. என்னப் பாத்துத்தான் சிரிக்கிறாரு."

எல்லோரும் திரும்பினோம். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சிலைக்கு முன்னால் மண்டியிட்டான்.

"மூணு வருஷத்துக்கு முன்ன மழையில நம்ம லாரி கால்வாயில கவுந்துச்சே, ஞாபகம் இருக்கா லம்சுவான்? கழுத்து வரைக்கும் தண்ணி. நீங்க எல்லாரும் உள்ள மாட்டிக்கிட்டு இருந்தீங்க. அப்ப நான், 'அப்பா, பதினாலு உசுரையும் குடுத்துடுங்க, உங்களுக்கு லிகே வைக்கிறேன்'னு வேண்டிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"பதினாலு பேரும் பொழச்சோம்."

"ஆட்டம்?"

"வைக்கல."

லிகேக்காரன் லிகே வைப்பதாக வேண்டிக்கொண்டு, மூன்று வருடமாக லிகே வைக்காமல் இருந்திருக்கிறான்!

"ஏண்ணே?"

"இங்கதான் வருஷத்துக்கு இருவது ஆட்டம் ஆடுறோமே, எல்லாத்தையும் அவருதானே பாக்குறாரு, அதுலயே கழிஞ்சிடும்னு நெனச்சேன்."

"அது மத்தவங்க வச்ச ஆட்டம்டா!" என்று பெரியம்மா கத்தினாள். "அடுத்தவன் வச்ச படையலக் காட்டி, 'நானும் கும்புட்டேன்'னு கணக்குச் சொல்லுவியா?"

"எத்தன நாள் ஆட்டம்னு வேண்டிக்கிட்ட?" என்று நான் கேட்டேன்.

"மூணு நாளு."

"ஒரு நாளுன்னு சொல்லிருக்கக் கூடாதா?"

"வாய்க்குள்ள தண்ணி போயிட்டிருக்கும்போது பேரமாடி பேசுவாங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சம்னியாங்கூடச் சிரித்தாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் பதினாலு பேர் உயிருக்கும் நன்றி சொல்லாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அப்பாவைத் திட்டியதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் கடனைத் தீர்க்க வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாள் பகலில் ஆடினோம். ஒரு பைசா வரும்படி இல்லை. லாரியில் இருந்த கடைசி டீசலைச் செலவழித்துத்தான் மேடைப் பலகைகளைக் கொண்டுவந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் நாள் காலை எங்கள் முன்னால் மரச்சிலை, பெரியம்மா, மூன்று நாய்கள். அப்பாவுக்கு ஆடுகிற ஆட்டத்துக்கு வேறு ஆள் தேவையில்லைதான். இருந்தாலும் வெறும் மணலைப் பார்த்து ராஜகுமாரியைத் திட்டுவது லேசான காரியம் இல்லை.

தலைப்பாகை கட்டிக்கொண்டு அண்ணன் விருந்தாளியாக வந்தான். மேளம் நின்றது. இன்றைய ஆட்டம் வைக்கிறவர் யார் என்று பாட வேண்டும். முப்பது வருடமாக ஊரார் பெயரையெல்லாம் பாடியவன், தன் பெயரை ஒருநாளும் பாடியதில்லை. "வைப்பவன்..." என்று தொடங்கினான். நின்றான். மறுபடி தொடங்கினான். "வைப்பவன் பிரயூன். கால்வாய்த் தண்ணியில் கடன் பட்டவன். பதினாலு பேரைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மன்னியுங்கள்" என்று பாடி முடிப்பதற்குள் முகத்து மாவெல்லாம் கரைந்து கோடு கோடாய் ஓடியது. திரைக்குப் பின்னால் நாங்கள் பதின்மூன்று பேரும் மண்டியிட்டிருந்தோம். செங்கல் சூளைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்த ராஜகுமாரன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான்.

மேளச் சத்தம் ஆற்றுக்கு அப்பால்வரை போயிருக்க வேண்டும். மதியத்துக்குள் ஆள் சேர்ந்துவிட்டது. கையில் காசு இல்லாததால் வாங்கித் தின்ன யாரும் வரவில்லை, பார்க்கத்தான் வந்தார்கள். ஐந்து மாதமாக எல்லார் வீட்டிலும் பேச்சு ஒன்றுதான்: யாருக்கு வேலை போயிற்று, யார் என்ன விற்றார்கள். அன்றைக்கு அவர்கள் ராஜகுமாரிக்காக அழுதார்கள், கோமாளிக்காகச் சிரித்தார்கள், என்னை மனதாரச் சபித்தார்கள். ஒரு கிழவர் எழுந்து நின்று என்னைப் பார்த்து, "நீ நல்லா இருக்கமாட்ட!" என்றார். என் காதில் தேன் பாய்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் சம்னியாங் ஒரு வாளி கெளுத்தி மீனைக் கொண்டுவந்து திரைக்குப் பின்னால் வைத்தாள்.

"உனக்கில்ல. மேளக்காரருக்கு."

"தெரியும் போ."

"ஒரு துண்டு தின்னா தின்னுக்க. கண்டுக்கமாட்டேன்."

அடுத்த இரண்டு நாளும் அடுப்புக்கு நாங்கள் அலையவே இல்லை. ஒரு வீட்டிலிருந்து அரிசி, ஒரு வீட்டிலிருந்து ஒரு கூடை பூசணிக்காய். வேலை போய்த் திரும்பி வந்த தையல் ஆலைப் பெண்கள் நாலு பேர், கிழிந்து கிடந்த அரண்மனைத் திரையை உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள். பாங்காக்கில் சட்டைக் காலர் தைத்த கைகள் எங்கள் கோட்டைச் சுவரை ஒட்டுப் போட்டன. யாரும் கேட்டுச் செய்யவில்லை. நான் வாயாடி, ஆனால் நன்றி சொல்ல மட்டும் எனக்கு வராது. "ஒழுங்காத் தைங்கடி" என்றுதான் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்தது.

ஞாயிறு காலை பெரியம்மா மறுபடி கட்டைகளைப் போட்டாள். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. இன்னொரு முறை போட்டாள், அதேதான். மூன்றாம் முறையும் அதேதான். பதினொரு வீடும் ஒரே ஆட்டம், அப்பாவுக்குச் சம்மதம். கூட்டம் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தன.

திங்கட்கிழமை அந்த ஆட்டம். யார் என்ன தர முடியுமோ அதைத் தந்தார்கள். கொஞ்சம் காசு, இரண்டு மூட்டை நெல், ஒரு டின் டீசல், பாதிப் பன்றி. முடிவெட்டுகிறவர் எங்கள் பதினாலு பேருக்கும் ஒரு வருடம் இலவசம் என்றார். ஆனால் அண்ணன் முகம் தெளியவில்லை. இது ஒரு வாரச் சோறு. அதற்குப் பிறகு? மேலும், குவாங் முதலாளிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. "இதுதான் கடைசி ஆட்டம். நல்லா ஆடிடுவோம்" என்று மேடை ஏறும்போது என்னிடம் சொன்னான்.

விருந்தாளி பதினொரு பெயரையும் பாட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம். கறுப்புச் சீட்டு வந்த பையனைப் பாடினான். பையன் வெட்கப்பட்டு அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான், இருபத்தோரு வயது! எருமையைப் பாடினான். கரைந்த கட்டியைப் பாடினான். சம்னியாங் பெயர் வந்தது. ஆலை மூடிய பிறகு இரண்டு மாதம் எங்கே போனாள் என்றே தெரியாத மகள், ஒரு காலை வாசலில் வந்து நின்று "அம்மா, சோறு இருக்கா?" என்று கேட்டதைப் பாடினான். எனக்கு மீன் தராத அந்த வாய் கோணிக்கொண்டு அழுதது. பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். பதினொரு நன்றியைப் பாடி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒருவரும் அசையவில்லை.

அந்த நேரத்தில்தான் குவாங் முதலாளி வந்தார், ஒரு ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு. நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. கூட்டத்தின் ஓரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். ஆனால் ஓட்டுநர் லாரியைச் சுற்றி வந்து சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். கூட்டம் அதைப் பார்த்தது.

"யாரு அது? லாரிய ஏன் உதைக்கிறான்?" என்றாள் சம்னியாங்.

அண்ணன் மேடையிலிருந்தே சொன்னான். மறைக்க அவனுக்கு வராது. "லாரிய விக்கிறேன் அக்கா. இன்னையோட ஆட்டம் முடிஞ்சுது. எல்லாரும் எங்களுக்குச் சோறு போட்டீங்க. நல்லா இருங்க."

மேளக்காரர் மேளத்தை மடியிலிருந்து கீழே வைத்தார். நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உயிர் என் கையில் இல்லை.

சம்னியாங் எழுந்தாள். மேடைப் பக்கம் வரவில்லை. சிலைக்கு முன்னால் போய் மண்டியிட்டு, ஊருக்கே கேட்கிற சந்தைக் குரலில் சொன்னாள்:

"அப்பா! இந்த லாரி இந்த ஊர்லயே இருக்கணும். இருந்தா, அறுப்பு முடிஞ்சதும் உங்களுக்கு ஒரு லிகே வைக்கிறேன்!"

பெரியம்மாவுக்கு வாயில் இருந்த வெற்றிலை விழுந்தது. "அடியே, இப்பத்தானேடி ஒண்ணத் தீத்த!"

எருமைக்காரர் எழுந்தார். "எனக்கும் அதே வேண்டுதல் அப்பா. ஒரு லிகே." கறுப்புச் சீட்டுக்காரன் அம்மா எழுந்தாள். தையல்காரப் பெண்கள் நாலு பேரும் சேர்ந்து ஒன்று என்றார்கள். செருப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டுப் போய் மண்டியிட்டார்கள். என்னைச் சபித்த கிழவர், "நான் அதுவரைக்கும் இருந்தா ஒண்ணு. இல்லாட்டி எம்புள்ள வைப்பான்" என்றார்.

குவாங் முதலாளி தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "பிரயூன்," என்றார், "இத்தன பேரு வேண்டுதல ஏத்தி வச்ச லாரிய நான் ஓட்டிட்டுப் போகவா? முதல் வளைவுலயே கவுந்துடுவேன். வாக்க நீ திருப்பி எடுத்துக்க. எனக்கு உன் லாரியும் வேணாம், அப்பா கோவமும் வேணாம்." சொல்லிவிட்டு, போகிற போக்கில் சிலைக்கு ஒரு கும்பிடு போட்டு, ஓட்டுநரை ஒரு அதட்டு அதட்டிக் கூட்டிக்கொண்டு போனார்.

அண்ணன் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலைப்பாகை சரிந்து கண்ணை மறைத்தது. அதைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அக்கா, அறுப்புக்கு அப்புறம் ஆடும்போது என்னன்னு பாடட்டும்? எதுக்கு நன்றின்னு சொல்லட்டும்?" என்று கேட்டான்.

சம்னியாங் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இருக்கீங்கன்னு பாடு. அது போதும்."

மேளம் எழுந்தது. கதை தொடங்கியது. முதல் காட்சியிலேயே நான் வந்து ராஜகுமாரியைக் கூந்தலைப் பிடித்து இழுத்துத் திட்ட வேண்டும். வந்தேன். கூந்தலைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, நிற்கவே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஒரு வசவும் ஞாபகம் இல்லை. ராஜகுமாரியாக நின்றவள் பயந்துபோய், "அக்கா, திட்டுங்க" என்று கிசுகிசுத்தாள்.

முன்வரிசையிலிருந்து சம்னியாங் கத்தினாள்: "ஏண்டி அழுவுற? திட்டுடி! ஒரு வாளி மீனு குடுத்திருக்கேன்!"

திட்டினேன்.